தேதி போடாத கையெழுத்து

தண்ணீர் வழங்கல் அலுவலகத்தில் அவளைத் தபால் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளைவிட ஏழு வயது மூத்த கண்காணிப்பாளருக்கும் அவள் அக்காதான். சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது என்பது, சஸ்பென்ஷன் உத்தரவில் அந்தப் பெயரைப் பார்த்தபோதுதான் பலருக்கு ஞாபகம் வந்தது.

இருபத்துமூன்று வருடம் ஒரே மேசை. வருகிற தபால் இடது பக்கம், போகிற தபால் வலது பக்கம், நடுவில் அக்கா. அந்த மேசையைத் தாண்டாமல் அந்த அலுவலகத்தில் ஒரு காகிதம் அசையாது. ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு தணிக்கைக் கடிதம் தன் அறைக்கு வந்து சேரவே இல்லை என்று பொறியாளர் சொன்னார். காலை பத்தரை மணிக்குத் தன் கையாலேயே கொண்டுபோய் வைத்ததாக அக்கா சொன்னாள். பொறியாளர் சொன்னால் அதற்குப் பெயர் அறிக்கை, அக்கா சொன்னால் அதற்குப் பெயர் எதிர்ப்பேச்சு. உள்தபாலுக்கு எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள், பொறியாளரிடம் மட்டும் வாங்க மாட்டார்கள். அவர் முன்னால் போய் யார் நோட்டை நீட்டுவது? அதனால் அக்காவிடம் காட்ட ஒன்றும் இல்லை.

உத்தரவு நான்கு வரிதான். விசாரணை நிலுவையில் இருப்பதால் தற்காலிகப் பணிநீக்கம், அனுமதியின்றி ஊரை விட்டு வெளியே போகக் கூடாது. என்ன விசாரணை, யார் விசாரிப்பார்கள், எப்போது முடியும் என்பதற்கெல்லாம் நான்கு வரியில் இடம் இல்லை போலும்.

அக்காவின் கணவர் தையல் மிஷின் மெக்கானிக். வீட்டின் முன்னறை முழுக்கப் பிரித்துப் போட்ட மிஷின்கள், எண்ணெய்த் துணி, ஊசி டப்பா. மனைவி பகலில் வீட்டில் இருந்து பழக்கப்படாத மனிதர். முதல் வாரம் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

"டீ குடுத்துட்டு ஏன் நிக்கற? கையெழுத்து வேணுமா?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அவரும் விட்டுவிட்டார்.

வேறு ஊரில் இருந்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்துவிட்டு வர நான்கு நாள் அனுமதி கேட்டு அக்கா மனுப் போட்டாள். பதில் இல்லை. நினைவூட்டல் போட்டாள். அதற்கும் இல்லை. தன் மனு தன் மேசையிலேயே, தன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் புதுப்பையனின் இடது பக்கத்தில் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பேரக்குழந்தையின் முகத்தைப் போனில்தான் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. போனை வைத்த பிறகு வெகுநேரம் மிஷின்களுக்கு நடுவே ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். களைப்பு என்றால் அப்படி ஒரு களைப்பு. இவ்வளவு வருடம் வேலை செய்து வராத களைப்பு வேலை செய்யாமல் வந்தது.

வக்கீல் கிடைத்தது மிஷின் ரிப்பேருக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் மூலமாக. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அலுவலகம், இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. வக்கீலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அக்கா அவளை வக்கீலம்மா என்றாள், வக்கீல் அக்காவை அம்மா என்றாள். ஆளுக்கு ஆள் அம்மா போட்டுக்கொண்டு அந்தச் சின்ன அறையில் ஒரே மரியாதையாக இருந்தது.

"சஸ்பென்ஷன் தண்டனை இல்லம்மா. விசாரிக்கற வரைக்கும் ஒதுக்கி வைக்கறது, அவ்வளவுதான். ஆனா அப்படியே ஒதுக்கி வெச்சுக்கிட்டே இருக்க முடியாது. நீங்க பண்ண தப்பு என்னன்னு எழுதி, தொண்ணூறு நாளைக்குள்ள உங்க கையில குடுத்தாகணும். குடுக்கலைன்னா உத்தரவு தானா செத்துரும்."

"செத்துருச்சுன்னு யார் சொல்லுவா?"

"முதல்ல தலைமை அலுவலகத்துக்கு மேல்முறையீடு. அவங்க வாயத் திறக்கலைன்னா தீர்ப்பாயம். அரசு ஊழியருக்குன்னே இருக்கு. அங்க போய் சொல்ல வெப்போம்."

மேல்முறையீடு போனது. தலைமை அலுவலகம் வாயைத் திறக்கவில்லை. அக்கா சமையலறைக் காலண்டரில் நாள்களை அடித்துக்கொண்டே வந்தாள். எண்பது, எண்பத்தைந்து. தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வருகிறதோ என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். தொண்ணூறாம் நாள் போனது. யாரும் வரவில்லை. தொண்ணூற்றொன்றாம் நாள் காலை வக்கீல் போனில் சொன்னாள், "அம்மா, நீங்க ஜெயிச்சாச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல மனு போட்டுரலாம். ஒரே ஒரு விஷயம். ஆபீஸ்லேர்ந்து எது வந்தாலும் வாங்குங்க, வாங்கினதும் எனக்குச் சொல்லுங்க." அன்றைக்கு அக்கா இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

தொண்ணூற்றேழாம் நாள் மத்தியானம் எக்ஸ்பிரஸ் வந்தான். அலுவலக உதவியாளன். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்வர ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஆள் என்பதால் அந்தப் பெயர். அக்காவிடம் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். வாசலில் நின்று, "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதத்தில் அலுவலகத்திலிருந்து யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. உட்கார வைத்தாள், டீ போட்டுக் கொடுத்தாள், அவன் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தாள். அவன் டீயைக் குடித்து முடித்து, பையிலிருந்து ஓர் உறையையும் டெலிவரி நோட்டையும் எடுத்தான். நோட்டைத் திறந்து, விரலை அவள் பெயருக்கு நேராக வைத்து, நூலில் கட்டியிருந்த பேனாவை நீட்டினான்.

"கையெழுத்தை மட்டும் போடுங்க அக்கா. தேதி அப்புறம் பாத்துக்கலாம்."

அது அக்காவின் சொந்த வசனம். அவள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. எந்தத் தபாலும் மூன்று நாளுக்கு மேல் மேசையில் தங்கக் கூடாது என்று ஒரு விதி. எந்த அலுவலகத்தில் அது நடக்கும்? அதனால் வாங்குகிறவர்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா உட்கார்ந்து, கணக்கு இடிக்காதபடி தேதிகளைத் தானே நிரப்புவாள். மாத அறிக்கையில் நிலுவை என்று ஒன்று வந்ததே கிடையாது. அதற்காக ஒரு தடவை பாராட்டுக் கடிதம்கூட வாங்கியிருக்கிறாள்.

அக்கா பேனாவை வாங்கினாள், கையெழுத்துப் போட்டாள், நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். எக்ஸ்பிரஸ் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

டம்ளரைக் கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஈரக்கையோடு தெருவுக்கு ஓடினாள். எக்ஸ்பிரஸ் நடக்கிற வேகத்துக்கு அவன் இன்னும் நாலு வீடு தாண்டியிருக்க மாட்டான். ஆனால் அன்றைக்கென்று பார்த்து யாரோ அவனைப் பைக்கில் கொண்டுவந்து, தெருமுனையில் காத்திருந்து கூட்டிப்போயிருந்தார்கள். அக்கா நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார்கள். அதற்கு அலுவலகம் போட்ட பதிலைப் பார்த்து வக்கீல் கொதித்துப்போனாள். குறிப்பாணை எண்பத்தாறாம் நாளே கொடுக்கப்பட்டுவிட்டது, இதோ மனுதாரரின் கையெழுத்து, இதோ தேதி. இணைப்பில் நோட்டுப் பக்கத்தின் நகல்.

"அம்மா, நீங்க யாரு? இருபத்திமூணு வருஷம் இதே வேலை பாத்தவங்க. தேதி போடாம கையெழுத்துப் போடுவாங்களா?"

"பழக்கம்" என்றாள் அக்கா. வேறு என்ன சொல்வது?

"அந்த பியூன் வந்து உண்மையச் சொல்லுவாரா?"

அக்கா எக்ஸ்பிரஸுக்குப் போன் பண்ணினாள். "அக்கா, உங்க கால்ல வேணா விழறேன், என்னைக் கூப்பிடாதீங்க" என்றான். அவனுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அவள் மேலே வற்புறுத்தவில்லை. அவன் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

வக்கீல் மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். "இந்தத் தேதியை எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொன்னா, உங்க பேச்சா அவங்க நோட்டான்னு வரும். நோட்டுதான் ஜெயிக்கும். அந்த ஆபீஸ்ல தேதியெல்லாம் பின்னாடிதான் போடறாங்கன்னு காட்டணும். வழக்கமா யார் போடுவாங்க?"

மின்விசிறி கறகறவென்று சுற்றியது.

"நான்தான்" என்றாள் அக்கா.

"எத்தனை வருஷமா?"

"நாற்காலியில உக்காந்த நாள்லேர்ந்து."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தாள். "அதைப் பிரமாணப் பத்திரத்துல எழுதினா நம்மகிட்ட ஆயுதம் இருக்கு. ஆனா உங்க வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரியும் ஆகும். நாளைக்கு அதையே வெச்சு புது நடவடிக்கை எடுப்பாங்க. எழுதலைன்னா வேலை போனாலும் போகும். ரெண்டையும் யோசிச்சு வெள்ளிக்கிழமை சொல்லுங்க." எழுந்தவள் ஏதோ ஞாபகம் வந்து நின்றாள். "நீங்க போட்ட தேதியால யாருக்காவது பாதிப்பு வந்திருக்கா?"

"இல்ல" என்றாள் அக்கா. யோசிக்காமல் சொன்ன இல்லை அது.

வீட்டுக்கு வந்து, கணவர் ஒரு மிஷினின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த சத்தத்தில் கண்ணை மூடிப் படுத்தபோதுதான் லாரி டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார். தண்ணீர் லாரி ஓட்டியவர். ஒன்பது வருடம் முன்னால் ஏதோ ஒரு தகராறில் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த உத்தரவை அவர் வாங்கியது மாதக் கடைசி, முப்பதாம் தேதி. சம்பள நாள் கூட்டத்தில் அவர் தனியாக வந்து, தேதி இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மறுநாள் கண்காணிப்பாளர் மேசைப் பக்கம் வந்து, "டிரைவர் கவருக்குப் பதினாலுன்னு போட்டுடுங்க அக்கா, உத்தரவு அன்னைக்கே ரெடி" என்றார். அவள் பதினாலு என்று போட்டாள். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். டிரைவர் இருபத்தெட்டாவது நாளே செய்தார். நோட்டின்படி அது நாற்பத்துநாலாவது நாள். காலம் கடந்தது என்று உள்ளேயே எடுக்காமல் திருப்பிவிட்டார்கள். செய்தி வந்த அன்று சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் அவருக்காக உச்சுக்கொட்டினார்கள். அக்காவும் கொட்டினாள். மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, ஐயோ பாவம் என்றாள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் கூசியது.

"என்ன?" என்றார் கணவர்.

சொன்னாள். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "எழுதறதுக்கு முன்னாடி அந்த ஆளைப் பாத்துரு" என்றார்.

டிரைவர் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பள்ளி விடுவதற்கு அரைமணி முன்னால், வேன்கள் வரிசையாக நிற்கும் மதிலோரத்தில் அக்கா அவரைக் கண்டுபிடித்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"தபால் அக்காதானே? வாங்க, வாங்க. பேரப்பிள்ளைய இங்க சேத்திருக்கீங்களா?"

அந்த உபசாரம் அவளை இன்னும் நோகடித்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். பதினாலு, முப்பது, கண்காணிப்பாளர் சொன்னது, தான் போட்டது. டிரைவர் கேட்டுக்கொண்டே வேனின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அந்தத் தேதியைப் போடும்போது என்னை நினைச்சீங்களா?"

"இல்லண்ணே. வரிசையா போட்டுக்கிட்டே வந்தேன்."

"நல்லவேளை" என்றார் அவர். "நினைச்சும் போட்டிருந்தீங்கன்னா என்னால தாங்க முடியாது."

உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு முப்பதாம் தேதின்னுதான் மனசுல இருந்துச்சு. ஆனா நோட்டைக் காட்டினாங்க. என் கையெழுத்து, பக்கத்துல பதினாலு. அப்புறம் எனக்கே சந்தேகமாயிடுச்சு. வாங்கிட்டு ரெண்டு வாரம் எங்கயாவது வெச்சுட்டு மறந்துட்டேனோன்னு. வீட்ல அதையேதான் சொன்னாங்க. ஒரு மனுவை நேரத்துக்குப் போடத் துப்பில்ல, குடும்பத்தையே தெருவுல நிறுத்திட்டன்னு. நானும் ஆமான்னுட்டேன்." துணியை உதறினார். "எழுதுங்க. என் விஷயத்தையும் எழுதுங்க. அந்த லாரி வேலை எனக்கு இனிமே வேண்டாம், வயசும் தாண்டிருச்சு. தீர்ப்புல ஒரு வரி வருமில்ல? அது வந்தா ஒரு நகல் மட்டும் குடுங்க. வீட்ல காட்டணும்."

மணி அடித்தது. அவர் கதவைத் திறந்துவிடப் போனார்.

வெள்ளிக்கிழமை அக்கா எழுதிக் கொடுத்தாள். ஏழாம் பத்தியில் எல்லாம் இருந்தது, டிரைவர் உட்பட. வக்கீல் படித்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

அதற்குப் பிறகு தீர்ப்பாயத்துக்கு அலைகிற அலைச்சல். ஒரு நாள் நீதிபதி வரவில்லை, ஒரு நாள் அலுவலகத்தின் வக்கீல் வரவில்லை, ஒரு நாள் எல்லோரும் வந்தார்கள், மின்சாரம் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களும் அக்காவுக்குப் பழகிவிட்டார்கள். ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு வனக்காவலர், ஆறு வருடமாக வருகிற ஒரு கம்பவுண்டர். புதிதாக வருகிறவர்களுக்குக் கம்பவுண்டர்தான் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காட்டுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஐந்தாவது வாய்தாவில் நீதிபதி ஏழாம் பத்தியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து, நகல் வேண்டாம், மூல நோட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். அடுத்த தடவை நோட்டு வந்தது. நூலில் கட்டிய பேனாவோடு வந்தது. அக்கா கையெழுத்துப் போட்ட பக்கத்தை அவர் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இருபது பேருடைய இருபது விதக் கையெழுத்து. பக்கத்தில் இருபது தேதியும் ஒரே கை, ஒரே மை. அக்காவின் நாற்காலிக்கு வந்த புதுப்பையனின் கை. அலுவலகத்தின் வக்கீலைப் பார்த்து, "இத்தனை பேருக்கும் தேதி மட்டும் எழுதத் தெரியாதா?" என்றார். பெஞ்சில் கம்பவுண்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

தீர்ப்பு மூன்று பக்கம். பெறுபவர் தன் கையால் தேதி எழுத வேண்டும் என்பது விதி, எழுதவில்லை, எனவே தொண்ணூறு நாளுக்குள் குறிப்பாணை கொடுத்ததை அலுவலகம் நிரூபிக்கவில்லை, சஸ்பென்ஷன் தொண்ணூறாம் நாளோடு காலாவதியாகிவிட்டது, திங்கட்கிழமை பணியில் சேரலாம். அக்கா வக்கீல் அலுவலகத்திலேயே நின்றபடி படித்தாள். படித்து முடித்து மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

"டிரைவர் எங்க இருக்காரு?"

"கடைசி வரி பாருங்க" என்றாள் வக்கீல். மனுதாரரின் பிரமாணப் பத்திரத்தில் ஏழாம் பத்தியில் சொல்லப்பட்டவற்றுக்குள் போக வேண்டிய அவசியம் எழவில்லை. "அதைப் படிச்சதாலதான் நோட்டையே கேட்டாரு. ஆனா தீர்ப்புல எழுதாம விட்டுட்டாரு. உங்களுக்கு நல்லதும்மா. உங்க மேல ஒரு வார்த்தை இல்ல. நிம்மதியா போய்ச் சேருங்க."

நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். அக்காவுக்கு அழுகைதான் வந்தது. வக்கீல் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் டிரைவர் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை வீடு. அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். அன்று வீட்டுத் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஆவலோடு கையை நீட்டினார்.

"வந்துருச்சா?"

"எனக்கு வந்துருச்சுண்ணே. உங்களுக்கு வரல. அதனால நானே வந்தேன்." அக்கா அவர் மனைவி பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரர் அந்த மனுவை நேரத்துக்குத்தான் போட்டாரு. ரெண்டு நாள் முன்னாடியே போட்டாரு. நோட்டுல தேதியை மாத்திப் போட்டது நான்."

அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தார். கணவரைப் பார்த்தார்.

"ஒம்போது வருஷமா ஏன் ஒரு வார்த்தை பேசல?"

"எனக்கே தெரியலையே" என்றார் டிரைவர்.

அந்த அம்மாள் அக்காவைப் பார்த்தார். கத்துவார், வெளியே போ என்பார் என்று அக்கா எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"நாளைக்கு வேலைக்குப் போறீங்களா?"

"ஆமா."

"என்கிட்ட வந்து சொல்லிட்டீங்க. என் பையன்கிட்ட யார் சொல்லுவா? அவன் படிப்பு நின்னது அப்பாவாலதான்னு வீட்டை விட்டுப் போனவன். ஆறு வருஷமாச்சு. என்கிட்ட மட்டும்தான் பேசுவான். நான் சொன்னா அப்பாவுக்காகச் சொல்றேன்னு நினைப்பான்."

"நான் சொல்றேன்."

அந்த அம்மாள் அலமாரியிலிருந்து போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அக்காவின் கையில் கொடுத்தார். டிரைவர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். மணி நான்கு முறை அடித்தது.

"சொல்லும்மா" என்றது ஒரு குரல்.

"நான் அம்மா இல்லப்பா. உங்கப்பா வேலை பாத்த ஆபீஸ்லேர்ந்து பேசறேன்" என்றாள் அக்கா. "வெச்சுடாத."